ஓரிழையாரின் முயல்காதுப் பாத்தி

காலை ஆறே முக்கால் மணிக்கு அவர் தரையில் படுத்துவிடுகிறார். பட்டறையின் தெற்குச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பாத்தி ஓடுகிறது. அதன் ஓரத்தில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, ஒருக்களித்துப் படுத்து, வலது கன்னத்தைச் செடிகளின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஒரு நிமிடம் கழித்துச் சாக்கை ஓரடி இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்கிறார். பாத்தியின் நீளம் பதினான்கு அடி. கடைசிச் செடி முடிந்ததும் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தேநீர் குடிக்க வீட்டுக்குள் போகிறார். கன்னத்தில் எப்போதும் கொஞ்சம் மண் இருக்கும். அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

இந்த வீட்டின் மாடிக்கு நான் குடிவந்த முதல் வாரம், ஜன்னல் வழியாக இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். ஐம்பத்தேழு வயது மனிதர் மண்ணில் கன்னம் பதியக் கிடந்தால் வேறு என்ன நினைக்க முடியும்? தோளைத் தொட்டு உலுக்கினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். 

"அந்தப் பக்கம் எடம் இருக்கு டீச்சர். படுத்துப் பாருங்க, அப்பத்தான் புரியும்."

நான் படுக்கவில்லை. குனிந்து ஓர் இலையைத் தொட்டேன். விரல் நீளத்துக்கு, நாக்கு வடிவத்தில் இருந்தது. பச்சை என்று சொல்லிவிட முடியாத நிறம். பச்சைமேல் வெள்ளியைக் கரைத்து ஊற்றிய மாதிரி. இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக வெண்மயிர். கையை எடுக்கவே மனம் வரவில்லை. செடி கணுக்கால் உயரத்துக்கு மேல் வளர்வதில்லை, பக்கவாட்டில்தான் பரவுகிறது. குளிரானாலும் கோடையானாலும் இலையை உதிர்ப்பதில்லை. வருடம் முழுவதும் சுவரோரம் ஒரு ஜமக்காளம் விரித்தே கிடக்கிறது.

அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். முயல்காது என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "பூனைக்காது." இந்த வழக்கு ஒன்பது வருடமாக நடக்கிறது. செடி வாங்கிய இடத்தில் யாரும் பெயர் சொல்லவில்லை, தொட்டியிலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே தீர்ப்புக்கு இடமில்லை. நான் அவரிடம் பேசும்போது முயல் என்பேன், அந்த அம்மாவிடம் பேசும்போது பூனை என்பேன். வாடகைக்கு இருப்பவள் வேறென்ன செய்வது?

அவர் கடைசல் வேலை செய்பவர். வீட்டின் முன்பாதிதான் பட்டறை. உள்ளே இரண்டு லேத், ஒரு துளை போடும் இயந்திரம், ஒரு சாணைக்கல். பம்புகளுக்கும் அச்சு இயந்திரங்களுக்கும் தேவையான தண்டுகளையும் வளையங்களையும் கடைந்து தருகிறார். தரையில் எந்நேரமும் இரும்புச் சுருள்கள் நீலமும் பொன்னுமாக மின்னிக்கொண்டு கிடக்கும். அளவு பார்க்க மைக்ரோமீட்டர் வைத்திருக்கிறார், ஆனால் அதை எடுக்குமுன் ஆள்காட்டி விரலின் நகத்தைத் தண்டின்மேல் ஒருமுறை ஓடவிடுவார். பிறகு தலையைச் சாய்த்து, "இன்னும் ஒரு இழை எடுக்கணும்" என்பார். மைக்ரோமீட்டரும் அதையேதான் சொல்லும். முப்பத்து நாலு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, வேலை கொடுக்க வருபவர்கள் அவருக்கு 'ஓரிழையார்' என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். ஏதோ பழைய அடியார் பெயர்போல இருக்கிறதே என்று நான் சிரித்தபோது அவரும் சிரித்தார். பெயரில் அவருக்கு வருத்தமில்லை. ஒரு ஆள் மட்டும் அதை ஓரிலையார் என்று உறையில் பிழையாக எழுதி அனுப்புகிறாராம், அதுதான் வருத்தம்.

இந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை முழுவதும் காய்த்து, காய்ப்பின்மேல் காய்த்து, மஞ்சள் பாரித்த ஒரு தடித்த தோல். ரேகைகளில் மசி ஏறி, வரைபடத்தில் ஆறுகள் ஓடுவதுபோல் கறுப்புக் கோடுகள். கொதிக்கிற தேநீர்க் குவளையை அடியில் பிடித்து எடுத்து வந்து நீட்டுவார்; வாங்குகிறவர் அலறுவார். "இது தோல் இல்ல டீச்சர், டயர்" என்று ஒருமுறை கையை விரித்துக் காட்டினார். இரும்பில் ஒரு இழை வித்தியாசத்தைச் சொல்கிற இந்தக் கைக்கு, இலையின் மென்மை துளிகூடத் தெரிவதில்லை. அதனால்தான் கன்னம்.

பாத்தி இருக்கிற இடத்தில் முன்பு எதுவும் வளர்ந்ததில்லையாம். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை வெயில் நேராக அடிக்கும். மண்ணில் பாதி செங்கல் துண்டு, மீதி இரும்புத் தூள். ரோஜா வைத்தார்கள், கருகியது. தக்காளி வைத்தார்கள், முளைத்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டதாக அவர் சொல்கிறார். அவர் மனைவி எங்கள் பள்ளி வேனை ஓட்டுகிறவர்; அவரை எல்லோரும் வேனக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். ஒருநாள் பள்ளித் தோட்டத்துக்குச் செடி ஏற்றப் போன வேனக்கா, நாற்றங்கால்காரி குப்பையில் போட எடுத்துவைத்திருந்த ஒரு சிறிய தொட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். அழுகிப்போய் மூன்றே இலை மிச்சம். என்ன வைத்தியம் செய்வது என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்னது ஒரே வரி: "இதைக் கவனிக்காதீங்க, அதுதான் வைத்தியம்."

தண்ணீர் அதிகமாகித்தான் அது செத்துக்கொண்டிருந்தது. கொழுத்த மண் அதற்கு ஆகாது. நிழல் ஆகாது. இலைமேல் ஈரம் நின்றால் ஒரே நாளில் கறுத்துச் சொதசொதவென்று ஆகிவிடும். கல்லும் மண்ணும் காய்ச்சலுமான இடமே போதும், வெயில் மட்டும் குறையக் கூடாது. ஊரில் எந்தச் செடிக்கும் பிடிக்காத அவருடைய அந்த மண், இந்த ஒரு செடிக்கு அளந்து தைத்த சட்டையாகப் பொருந்திவிட்டது. மூன்று இலை ஒரு வருடத்தில் மூன்றடியானது.

கவனிக்காதே என்று சொன்னால் கவனிக்காமல் இருக்கிற ஆளா அவர்? தண்ணீர் இலையில் படாமல் வேரில் மட்டும் விழ வேண்டும் என்று, பித்தளையில் நீண்ட மூக்கு ஒன்றை லேத்தில் கடைந்து பூவாளியில் பொருத்தினார். இலைகள் ஈரமண்ணில் படாதிருக்க, ஒவ்வொரு செடியின் கழுத்தைச் சுற்றியும் சிறு ஜல்லியைச் சல்லடையில் சலித்துப் பரப்பினார். அடியில் பழுத்த இலைகளை இடுக்கியால் எடுப்பார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொத்தின் நடுப்பகுதி பட்டுப்போகும். "நடுவுல வழுக்கை விழுந்துருச்சு, என்னை மாதிரியே" என்று சொல்லிக்கொண்டு, தேய்ந்த லேத் உளியால் கொத்தைப் பெயர்த்து, வெளிவட்டத்தில் இருக்கும் இளசுகளைப் பிரித்துத் தள்ளித்தள்ளி நடுவார். மிஞ்சுவதைச் செய்தித்தாளில் சுற்றித் தண்டு வாங்க வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்புவார். அதற்குமுன் அவர்கள் வீட்டில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு விசாரணை நடக்கும். பதில் திருப்தியாக இல்லையென்றால் செடி கிடையாது, தண்டு மட்டும்தான்.

மழைக்காலத்தில் அவரைப் பார்க்க வேண்டும். நாலு குழாய்க் கால்களில் நிற்கிற மாதிரி ஒரு தகரக் கூரை செய்துவைத்திருக்கிறார். வானம் இருண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிக் கூரையைப் போடுவார். வெளுத்தால் ஓடி எடுப்பார். ஒருநாள் பதினோரு முறை எண்ணினேன். அன்று வேனக்கா வாசலில் நனைந்தபடி வேனிலிருந்து இறங்கி, கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் தனக்கு இப்படி ஒருமுறையாவது குடை பிடித்ததுண்டா என்று மாடி ஜன்னலில் நின்ற என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கில்லை. ஓரிழையார் கூரையின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டி, வேண்டுமானால் வந்து நிற்கும்படி சைகை செய்தார். வேனக்காவும் போய்க் குனிந்து நின்றார். இருவரும் செடியை மிதிக்காமல், ஒரு தகரத்தின் கீழே தோளோடு தோள் ஒட்டி நின்றதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அவர்களுக்கு ஒரே மகள். அவளைப் பற்றி வேனக்கா ஒருநாள் வேனில் வரும்போது சொன்னார். பிறந்த நாலாம் நாள், அப்பன் ஆசையாகத் தூக்கிக் கன்னத்தை வருடியிருக்கிறார். கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த வேனக்காவின் அம்மா, "இது கையா, அரமா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து அவர் மகளை உள்ளங்கையால் தொட்டதில்லை. தூக்கினால் துண்டைச் சுற்றித் தூக்குவார். கொஞ்சினால் புறங்கையால் கொஞ்சுவார். காய்ச்சலா என்று பார்ப்பதும் புறங்கையால்தான். அந்தப் பெண் ரொம்ப நாள்வரை அப்பாக்கள் என்றால் எல்லோரும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். இப்போது முப்பத்தொரு வயது. பட்டறைக் கணக்கு, ரசீது எல்லாம் அவள் பொறுப்பு. அவளும் யாரையாவது செல்லமாகத் தட்டினால் புறங்கையால்தான் தட்டுகிறாள். எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு தட்டு கிடைத்திருக்கிறது.

போன வருடம் அவள் உண்டானாள். கணவன் கப்பலில் பொறியாளன். பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்துவிடுவதாக ஏற்பாடு. குழந்தை அந்த ஏற்பாட்டைப் பொருட்படுத்தாமல் ஏழு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. பெண் குழந்தை. ஒரு கிலோ அறுநூறு கிராம். தாய்க்கு ரத்த அழுத்தம் எகிறி, அறுவை செய்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டு, வேறொரு மாடியில் படுக்க வைத்துவிட்டார்கள். எழுந்திருக்கக் கூடாது. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள். மாப்பிள்ளை கரையேற இன்னும் பதினெட்டு நாள் ஆகும் என்று தகவல் வந்தது.

ஐந்தாம் நாள் அந்த வார்டின் செவிலி அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். குழந்தை தானாக மூச்சுவிடுகிறது, பாலும் இறங்குகிறது; இனி அதற்குத் தேவை ஒரு மனித உடம்பின் சூடு. யாராவது ஒருவர் சட்டையில்லாமல் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தையைப் படுக்க வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் பல மணி நேரம். தாய் வரும்வரை வீட்டார் யாரானாலும் சரி. வேனக்கா உடனே முன்னால் வந்தார். வந்த வேகத்தில் தும்மினார். பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து தொற்றிய சளி. செவிலி அவரை அங்கேயே நிறுத்தி, முகக்கவசத்தைக் கொடுத்து, கதவுக்கு வெளியே அனுப்பிவிட்டார். மிஞ்சியது ஒரே ஆள்.

தன்னால் முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

செவிலி பார்த்தார். "நாங்க கேக்கிறது உங்க நெஞ்சைத்தான் ஐயா" என்றார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துருங்க. குளிச்சிட்டு வாங்க."

அன்று பிற்பகல் அவர் பட்டறையை மூடினார். ஷட்டரில் சாக்கட்டியால் 'மூன்று வாரம் கழித்து வரவும்' என்று எழுதினார். பிறகு பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து கைகளைத் தேய்க்கத் தொடங்கினார். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்பு, அப்புறம் அரைமணி நேரம் வெந்நீர். அதற்கப்புறம் செய்ததைப் பார்த்து வேனக்கா, சளியையும் மறந்து, ஜன்னல் வழியே சத்தம் போட்டார். உப்புத்தாளை எடுத்து உள்ளங்கையில் உரசிக்கொண்டிருந்தார். தண்டைப் பளபளப்பாக்குவதற்கு என்ன முறையோ அதே முறை: முதலில் நானூறாம் நம்பர் தாள், பிறகு அறுநூறு, பிறகு ஆயிரம். கடைசியில் எண்ணெய். மனைவி திட்டத்திட்ட, இரும்பே இதற்கு வழிக்கு வரும்போது தோல் வராதா என்று அமைதியாகப் பதில் சொன்னாராம்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். வேலை மேசைமேல் முயல்காது இலைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முறை தேய்த்து முடித்ததும் ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையால் ஒரே வீச்சில் வருடியிருக்கிறார். முதல் இலையில் வெள்ளைப் பஞ்சு மொத்தமும் கையோடு வந்து, நடுவில் பச்சையாக ஒரு தடம் பட்டை அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் தடம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. எட்டாவதில் கயிற்றளவு. ஒன்பது வருடத்தில் அந்தப் பாத்தியிலிருந்து நல்ல இலை ஒன்றை அவர் பறித்து நான் கேள்விப்பட்டதில்லை. அன்று பதினொன்று பறித்திருந்தார்.

"உங்க கண்ணு சின்ன வயசுக் கண்ணு, நல்லாத் தெரியும். கடைசி இலையைப் பாருங்க டீச்சர்" என்றார். பார்த்தேன். நூலளவு தடம் இருந்தது. சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி வெந்நீர் வைக்கப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டாவது இலையைக் கொண்டு மாடியேறி வந்தார். அவர் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். உள்ளங்கை இளஞ்சிவப்பாகத் தகித்துக்கொண்டிருந்தது, ரேகையில் கறுப்பு மட்டும் போகவில்லை. இலையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு இழை இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்டிய நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரும்பு என்றால் இன்னும் ஒரு இழை எடுத்துவிடலாம். இதில் எடுக்க இனி தோல் இல்லை, அடுத்தது ரத்தம்தான். ஏழாயிரம் மைல் தள்ளி இருக்கும் மாப்பிள்ளையை வரச்சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

கீழே வேனின் ஹாரன் அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது. பிறகு முகக்கவசத்தோடு வேனக்கா படியின் அடியில் வந்து நின்று, தூரத்திலிருந்தே பேசினார்.

"அது கொழந்தை, இலையில்லங்க. கொஞ்சம் தாங்கும். வந்து வண்டியில ஏறுங்க."

ஏறினார். நானும் பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

வார்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நானும் வேனக்காவும் நின்றோம். உள்ளே சாய்வு நாற்காலியில் அவரை உட்கார வைத்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொன்னார்கள். நெஞ்சில் நரைத்த முடி. செவிலி பெட்டியிலிருந்து குழந்தையை எடுத்து வந்தார். தொப்பியும் இடுப்புத் துணியும் தவிர ஒன்றுமில்லை. செவிலியின் உள்ளங்கையும் முன்கையில் பாதியும்தான் குழந்தையின் மொத்த நீளம். நெஞ்சில் கவிழ்த்துப் படுக்க வைத்து, அகலமான துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினார். கட்டியபின் முதுகைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் வலது கையைத் தூக்கி, திருப்பி, புறங்கையைக் குழந்தையின் முதுகில் வைத்தார். விரல்கள் காற்றில் மடங்கி நின்றன.

உள்ளே நடந்த பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு அந்தச் செவிலியே சொன்னார். கையை ஏன் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவர் முப்பத்தொரு வருடக் கதையை இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கிறார்.  செவிலி தன் வலது கையை அவரிடம் நீட்டியிருக்கிறார்.

"என் கையைத் தொட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவை கழுவுறேன். மருந்துத் தண்ணி பட்டுப் பட்டு வெடிச்சுக் கெடக்கு. இந்த வார்டுல எல்லாக் கொழந்தையும் இந்தக் கையிலதான் வளருது."

அதை நாங்கள் கண்ணாடி வழியே பார்த்தோம். அவர் தன் இடது கைப் பெருவிரலால் செவிலியின் உள்ளங்கையை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு, ஒரு வேலையைத் தொடங்குமுன் செய்வதுபோல், தலையைச் சாய்த்தார். செவிலி அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கை படும்படி குழந்தையின் முதுகில் வைத்து, மேலே தன் கையையும் வைத்து ஒரு நிமிடம் அழுத்தாமல் அழுத்தினார்.

குழந்தை நெளிந்தது. வாயைக் கோணிக்கொண்டது. வேனக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வளையல் பதிந்துவிட்டது. கோணிய வாய் ஒரு கொட்டாவியாக முடிந்தது. அவ்வளவுதான், தூங்கிவிட்டது.

மூன்று மணி நேரம் அவர் அசையவில்லை. மூக்கு அரித்தபோதுகூட முகத்தைச் சுளித்தே சமாளித்தார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அன்று முதல் அந்த வார்டில் அவருக்குச் சிலையப்பா என்று பெயர். ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் வேனக்கா எப்படி இருந்தது என்று கேட்டார். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சற்று யோசித்தார்.

"நெஞ்சுமேல சின்னதா ஒரு மோட்டார் ஓடுது" என்றார். "சத்தமே இல்ல. நல்ல பேரிங்."

அதற்குப் பிறகு அவரை வீட்டில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். பாத்தி எங்கள் தலையில் விழுந்தது. தினமும் இரண்டு முறை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து தொலைபேசியில் விசாரிப்பார். மழை வருமா, வந்தால் கூரை போட்டோமா, போட்டால் எடுத்தோமா. தண்ணீர் ஊற்றவே வேண்டாம் என்றும், ஊற்றினால் பித்தளை மூக்கால்தான் ஊற்ற வேண்டும் என்றும், ஆனால் ஊற்ற வேண்டாம் என்றும் சொல்வார். ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், அடியில் ஈரம் தங்கியிருக்கிறதா என்று கையால் பார்த்தால் சரியாகத் தெரியவில்லை என்று, நானே குனிந்து கன்னத்தை வைத்துவிட்டேன். அந்த மென்மையை அதற்குமுன் நான் அறிந்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. முதல் மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

குழந்தையின் எடை நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிராம் என்று ஏறியது. அதைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் குறித்து வைப்பார்கள். ஒருநாள் ஐந்து கிராம்தான் ஏறியிருந்தது. செவிலிக்கே முகம் வாடிவிட்டது. ஓரிழையார் தாளைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, ஐந்து கிராம் என்றால் எவ்வளவு இரும்புத்தூள் என்று உள்ளங்கையில் குவித்துக் காட்டுகிற மாதிரி காட்டி, அது ஒன்றும் சின்ன விஷயமில்லை என்று செவிலிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் மகளைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்த வார்டுக்கு அழைத்து வந்தார்கள். குழந்தை பிறந்தபின் அவள் அதைச் சரியாகப் பார்ப்பதே அன்றுதான். சளி விட்டிருந்ததால் வேனக்காவையும் உள்ளே விட்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். அப்பா சாய்ந்திருக்கிறார், நெஞ்சில் குழந்தை, முதுகில் விரிந்த உள்ளங்கை. மகள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். எல்லோரும் அவள் குழந்தையைக் கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தோம். செவிலி கட்டை அவிழ்க்கக்கூட முன்னால் வந்தார்.

அவள் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு அப்பாவின் இடப்பக்கம் போனாள். குனிந்து கன்னத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"எனக்கும்ப்பா" என்றாள்.

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் செவிலியைப் பார்த்தார். அனுமதி கேட்கிறாரா, தப்பிக்க வழி கேட்கிறாரா தெரியவில்லை. செவிலி அந்த நேரம் பார்த்து எடைத் தாளைப் படிக்கத் தொடங்கிவிட்டார். இடது கை நாற்காலிக் கையிலிருந்து எழும்பியது. பாதி வழியில் பழக்கத்தால் திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை. உள்ளங்கை முழுவதும் மகளின் கன்னத்தில் பதிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கையில் தலையின் கனம் முழுவதையும் சாய்த்தாள். கோடு எதுவும் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவள் துடைத்திருக்க மாட்டாள். வேனக்கா தும்மல் வருகிறது என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குத் தும்மல் வரவில்லை.

இருபத்து நாலாம் நாள் எடை இரண்டு கிலோவைத் தொட்டது. மறுநாள் பள்ளி வேனில் குழந்தை வீட்டுக்கு வந்தது. மாப்பிள்ளையும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். வேனக்கா அன்று ஓட்டிய வேகத்தைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். மாட்டு வண்டி ஒன்று முந்திப் போனதாம். மாப்பிள்ளை ஒரு மாதம் இருந்தார். முதல் முறை குழந்தையைத் தூக்கப் பயந்து நின்ற அவருக்கு, எப்படிச் சாய வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று மாமனார்தான் பாடம் எடுத்தார். பட்டறை திறந்ததும் வேலை குவிந்துவிட்டது. உள்ளங்கையில் மறுபடி காய்ப்பு ஏறிவிட்டது. உப்புத்தாள் பக்கம் அவர் போகவில்லை.

பாத்தியில் நாங்கள் ஒரே ஒரு செடியைத்தான் சாகவிட்டிருந்தோம். அவர் அதற்கு எங்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் யார் ஊற்றிய தண்ணீர் என்று மூன்று நாள் தனித்தனியாக விசாரித்தார்.

இப்போது குழந்தைக்கு ஆறு மாதம். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். வெயில் பாத்திமேல் நன்றாக ஏறியிருந்தது. முயல்காதில் எழும்பியிருந்த பூத்தண்டுகளில் தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் சாக்கின்மேல் மல்லாந்து படுத்திருந்தார். குழந்தை அவர் நெஞ்சில் கவிழ்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் எச்சில் வட்டமாகப் படர்ந்திருந்தது. அந்த நேரம் பம்புக் கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்தார். காகிதத்தில் சுற்றிய தண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். முகம் முழுக்க அவசரம். இயந்திரம் நின்றுவிட்டது, உடனே வேண்டும் என்று வாசலிலிருந்தே பேசத் தொடங்கினார்.

 இவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. குழந்தையின் முதுகிலிருந்த கை அப்படியே இருக்க, இடது காலை மெதுவாக நீட்டி, பட்டறைக் கதவோரம் கிடந்த மர முக்காலியின் குறுக்குக் கட்டையைப் பெருவிரலால் கொக்கி போட்டு இழுத்து, சத்தம் வராமல் வந்தவர் பக்கம் நகர்த்தினார்.